டம்மி டக் செய்தால் ஒரு வாரத்தில் அடுப்படிக்குத் திரும்ப முடியுமா?

கேள்வி: வணக்கம் டாக்டர். எனக்கு 34 வயது. கோபிசெட்டிபாளையம் பக்கத்தில் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். இரண்டு குழந்தைகள், இரண்டுமே சிசேரியன், சின்னவனுக்கு 3 வயது. இரண்டாவது பிரசவத்துக்கு அப்புறம் அடிவயிறு பை மாதிரி தொங்கிவிட்டது. நடைப்பயிற்சி, சாப்பாட்டுக் கட்டுப்பாடு, ஒரு வருடம் ஜிம் எல்லாம் போய் 9 கிலோ குறைத்தேன், வயிறு மட்டும் அப்படியே நிற்கிறது. வகுப்பில் பிள்ளைகள் "மிஸ், பாப்பா வரப்போகுதா" என்று கேட்கிறார்கள். கோவையில் ஒரு டாக்டரைப் பார்த்து டம்மி டக் (தொங்கும் வயிற்றுத் தோலை வெட்டி எடுத்து இறுக்கித் தைக்கும் ஆபரேஷன்) செய்துகொள்ள முடிவு செய்திருக்கிறேன். மார்கழிக் கடைசியில் ஆபரேஷன். தைக் கடைசியில் எங்கள் வீட்டில் நாத்தனார் கல்யாணம், அதற்குள் சரியாகிவிடும் என்றுதான் அந்தத் தேதி. இரண்டு நாளில் வீட்டுக்குப் போகலாம், ஒரு வாரத்தில் எல்லாம் நார்மல் என்று ஆஸ்பத்திரியில் ஒருவர் சொன்னார். கணவருக்கு மட்டும்தான் விஷயம் தெரியும், மாமியாரிடம் ஹெர்னியா (குடலிறக்கம்) ஆபரேஷன் என்று சொல்லப் போகிறோம். வலி எவ்வளவு இருக்கும்? என்ன சாப்பிடலாம்? தழும்பு போகுமா? பையனை எப்போது தூக்கலாம்? நன்றாக இருக்கிற உடம்பைக் கத்தி வைத்துக் கெடுத்துக்கொள்கிறேனோ என்று இரவில் தூக்கம் வரவில்லை.

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

தூக்கம் கெடுக்கிற அந்தக் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எதையும் கெடுத்துக்கொள்ளவில்லை. நெஞ்சுக்குழியிலிருந்து அடிவயிறு வரை இரண்டு பட்டைத் தசைகள் பக்கத்துப் பக்கத்தில் ஓடுகின்றன, அவற்றை நடுவில் ஒரு வெள்ளை நார்ப்பட்டை இணைத்து வைத்திருக்கிறது. கர்ப்ப காலத்தில் அந்தப் பட்டை அகன்றுவிடுகிறது, சிலருக்குப் பிரசவத்துக்குப் பிறகு பழையபடி சேருவதில்லை. உடற்பயிற்சியால் தசைக்குப் பலம் வரும், கொழுப்பு கரையும், ஆனால் அளவுக்கு மீறி இழுபட்ட தோல் சுருங்காது, நன்றாக அகன்றுவிட்ட பட்டையும் பலருக்குப் பழைய அளவுக்கு வராது. 9 கிலோ குறைத்தும் வயிறு நிற்கிறது என்றால் அது உங்கள் சோம்பல் இல்லை. உடற்பயிற்சி செய்யக்கூடியதை நீங்கள் செய்து முடித்துவிட்டீர்கள். அதனால் ஆபரேஷன் செய்துகொள்ள நினைப்பதில் குற்ற உணர்ச்சியே வேண்டாம். இனி குழந்தை வேண்டாம் என்று நீங்களும் கணவரும் முடிவு செய்துவிட்டீர்களா என்று மட்டும் பேசிக்கொள்ளுங்கள், ஏனென்றால் இன்னொரு கர்ப்பம் தைத்த தசையை மறுபடி விரித்துவிடக்கூடும்.

ஆனால் தேதி தப்பு. அந்தத் தேதியில் செய்துகொள்ளாதீர்கள். கல்யாணம் முடியட்டும்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இருபது வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன், ஆபரேஷன் டேபிளில் சிக்கலானவர்களை விட வீட்டுக்குப் போய், "ஒரு வாரம் ஆச்சே" என்று எழுந்து வேலை செய்து சிக்கலை இழுத்துக்கொண்டவர்கள்தான் என் கண்ணில் அதிகம் பட்டிருக்கிறார்கள். அந்த "ஒரு வாரத்தில் நார்மல்" என்ற பேச்சு மேல்தோல் ஒட்டுவதை வைத்துச் சொல்வது. உள்ளே நடப்பது வேறு. இந்த ஆபரேஷனில் ஒரு இடுப்பெலும்பிலிருந்து மறு இடுப்பெலும்பு வரை அடிவயிற்றில் வெட்டி, தோலையும் கொழுப்பையும் தசையிலிருந்து விலா எலும்பு வரை பிரித்துத் தூக்கி, விலகிய தசைகளை நடுவில் சேர்த்துத் தைத்து, மிஞ்சிய தோலை வெட்டி எடுத்துவிட்டு, மீதியைக் கீழே இழுத்துத் தைத்து, தொப்புளுக்குப் புதிதாக ஒரு இடம் திறந்து அங்கே வைத்துத் தைக்கிறோம். இரண்டிலிருந்து நான்கு மணி நேரம் ஆகும். பிரித்த தோல் மறுபடி அடியில் ஒட்டிக்கொள்ள வேண்டும், தைத்த தசை இறுக வேண்டும். தையல் போட்ட இடம் ஒரு வேலையைத் தாங்குகிற அளவுக்கு வருவதற்கே ஆறு வாரம் வேண்டும். உங்கள் கணக்கில் கல்யாணம் ஐந்தாவது வாரத்தில் வருகிறது, அதுவும் அண்ணியாக நிற்க வேண்டிய கல்யாணம். பந்தக்கால் நடுவதிலிருந்து சீர் வரிசை கட்டுவது வரை உங்களை உட்கார விடுவார்களா?

சரி, ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

மயக்கம் தெளிந்து கண் விழிக்கும்போது முதலில் தெரிவது வலியை விட இறுக்கம்தான். வயிற்றைச் சுற்றி யாரோ கச்சை போட்டு இழுத்துக் கட்டியது போல இருக்கும். சிறுநீர் போக டியூப் போட்டிருப்பார்கள், பெரும்பாலும் மறுநாள் காலை எடுத்துவிடுவார்கள். உள்ளே சேரும் ரத்தத்தையும் நீரையும் வெளியேற்ற, தையலுக்குக் கீழே இரண்டு பக்கமும் மெல்லிய டிரெய்ன் டியூப் வெளியே வந்து சின்ன உருண்டையிலோ பாட்டிலிலோ முடியும். இடுப்புப் பக்கம் லைப்போசக்ஷனும் (சின்னத் துளை போட்டுக் கொழுப்பை உறிஞ்சி எடுப்பது) செய்திருந்தால் அந்தச் சின்னத் துளைகள் வழியாக முதல் நாள் ரத்தம் கலந்த நீர் கசிந்து பெட்ஷீட்டை நனைக்கும், பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் அது லைப்போசக்ஷனுக்காக உள்ளே செலுத்திய திரவம்தான் பெரும்பகுதி.

அன்று மாலையோ மறுநாள் காலையோ நர்ஸ் வந்து எழுந்து நடக்கச் சொல்வார். உங்களுக்கு அழுகை வரும். இருந்தாலும் நடங்கள். அழகு சிகிச்சைகளில் கால் ரத்தக் குழாயில் ரத்தம் உறையும் ஆபத்து அதிகம் உள்ளவற்றில் இது முன்னால் நிற்கிறது, அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. கட்டில் பக்கத்தில் பத்தடி நடந்தாலும் போதும், படுத்திருக்கும்போது பாதத்தை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருந்தாலும் நல்லது. சிலருக்கு ரத்தம் உறையாமல் இருக்க ஊசியும் போடுவோம். கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால், உங்கள் குடும்பத்தில் யாருக்காவது காலில் ரத்தம் உறைந்திருக்கிறது என்றால், இப்போதே உங்கள் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

ஓரிரு இரவு அங்கே இருந்துவிட்டு வீட்டுக்கு வருவீர்கள். கோவையிலிருந்து கோபிக்கு இரண்டு மணி நேரம் கார் பயணம். முன் சீட்டைச் சாய்த்து, முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்து, பாதி வழியில் ஒருமுறை இறங்கி நாலு எட்டு நடந்துவிட்டுப் போங்கள். முடிந்தால் முதல் ஐந்தாறு நாள் கோவையிலேயே சொந்தக்காரர் வீட்டில் தங்குவது இன்னும் நல்லது, ஏதாவது ஒன்றென்றால் அரை மணி நேரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம்.

வீட்டுக்கு வந்ததும் உங்களுக்கு அதிர்ச்சி தரப்போவது நடைதான். ஒரு வாரம், பத்து நாள் நிமிர முடியாது. இடுப்பில் கூன் விழுந்த பாட்டி மாதிரி முன்னால் குனிந்துதான் நடக்க வேண்டும், தைத்த தோல் இழுபடாமல் இருக்க அது அவசியம். கொஞ்சம் கொஞ்சமாகத் தானாகவே நிமிர்வீர்கள், அவசரப்பட்டு நெட்டி முறிக்காதீர்கள். இப்படியே குனிந்து நடப்பதால் நடுமுதுகு வலிக்கும், பலர் வயிற்று வலியை விட முதுகு வலியைத்தான் என்னிடம் புலம்புவார்கள். மல்லாந்து நேராகப் படுக்கவும் முடியாது. முதுகுக்கு மூன்று தலையணை, முழங்காலுக்கு அடியில் இரண்டு, சாய்வு நாற்காலியில் படுத்தது போல. அதனால் தரையில் பாய் விரித்துப் படுக்கும் பழக்கம் இருந்தால் இந்த ஆறு வாரத்துக்கு விட்டுவிடுங்கள், பாயிலிருந்து எழும்போது முழு பாரமும் வயிற்றுத் தசையில்தான் விழும். கட்டிலிலிருந்து எழும்போதும் பக்கவாட்டில் திரும்பி, கால்களைக் கீழே தொங்கவிட்டு, கையை ஊன்றி எழ வேண்டும், சிசேரியனுக்கு அப்புறம் செய்தீர்களே, அதே மாதிரி. வீட்டில் இந்தியன் டாய்லெட் மட்டும்தான் என்றால், மேலே வைக்கிற ஸ்டூல் அல்லது கமோட் நாற்காலி ஒன்றை ஆபரேஷனுக்கு முன்பே வாங்கி வைத்துவிடுங்கள்.

டிரெய்ன் டியூபைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் திறந்து, எவ்வளவு மில்லி வந்தது என்று அளந்து, ஒரு நோட்டில் எழுதி, உருண்டையை அமுக்கிக் காற்றை வெளியேற்றிவிட்டு மூட வேண்டும். அமுக்கிய நிலையில் மூடினால்தான் அது உறிஞ்சும். பலர் இதை மறந்துவிட்டு, "ஒன்றும் வரவில்லை டாக்டர், எடுத்துவிடலாமா" என்று போன் செய்வார்கள். முதலில் அடர் சிவப்பு, அப்புறம் வெளிர் சிவப்பு, பிறகு மஞ்சள் நீர் என்று நிறம் மாறும். 24 மணி நேரத்தில் 30 மில்லிக்குக் கீழே வந்தால் எடுப்பது வழக்கம், ஒருவருக்கு ஐந்து நாளில் வரும், இன்னொருவருக்குப் பதினைந்து நாள் ஆகும். முன்பக்கம் பட்டன் வைத்த நைட்டி நான்கு வாங்கி, உள்பக்கம் ஒரு துணிப் பை தைத்து வைத்துக்கொண்டால் டியூப் தொங்கி இழுக்காது.

வலி எப்படி இருக்கும் என்று கேட்டீர்கள். இரண்டு சிசேரியனைத் தாங்கியவர் நீங்கள், உங்களிடம் மறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. தசையையும் சேர்த்துத் தைப்பதால் முதல் மூன்று நாள் சிசேரியனை விடக் கடுமையாகத்தான் இருக்கும் என்று பெரும்பாலானவர்கள் சொல்கிறார்கள். இருமல், தும்மல், சிரிப்பு மூன்றும் எதிரிகள். ஒரு சின்னத் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு இருமுங்கள். வலி வந்த பிறகு மாத்திரை தேடாமல், எழுதிக் கொடுத்த நேரத்துக்குச் சாப்பிட்டு வந்தால் தாங்கக்கூடிய அளவிலேயே நிற்கும். மெடிக்கல் ஷாப்பில் நீங்களாகக் கேட்டு வேறு வலி மாத்திரை வாங்காதீர்கள், சில மாத்திரைகள் ரத்தக் கசிவைக் கூட்டும். நான்காவது, ஐந்தாவது நாளிலிருந்து கூர்மையான வலி போய், இறுக்கமும் அங்கங்கே சுருக் சுருக்கென்று குத்துவதும் மட்டும் மீதி இருக்கும்.

அந்த நான்காவது, ஐந்தாவது நாளைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. வலி குறைய ஆரம்பிக்கும் நேரத்தில்தான் மனது விழும். மயக்க மருந்தின் சோர்வு, தூக்கமின்மை, குளிக்காத உடம்பு, நிமிர முடியாத இடுப்பு, இதற்கெல்லாம் மேலே கண்ணாடியில் தெரியும் வயிறு: வீங்கி, கன்றிச் சிவந்து, ஒரு கோடு முழுக்கத் தையலோடு, தொப்புள் யாருடையதோ போல. "பணத்தையும் கொடுத்து இதையா வாங்கினேன்" என்று தோன்றும். என்னிடம் வந்தவர்களில் நல்ல தைரியசாலிகள் கூட ஆறாம் நாள் போனில் அழுதிருக்கிறார்கள். அதே பெண்கள் மூன்று மாதம் கழித்துச் சிரித்துக்கொண்டு வந்து உட்காருவார்கள். அந்த நாட்களில் வயிற்றைப் பற்றி எந்தத் தீர்ப்பும் சொல்லிக்கொள்ளாதீர்கள். முதல் இரண்டு வாரம் எடை பார்க்கவும் வேண்டாம், உடம்பில் நீர் சேர்ந்து எடை முன்பை விடக் கூடுதலாகக் காட்டும், அது கொழுப்பு இல்லை. மூன்று, நான்கு வாரம் தாண்டியும் மனது இருண்டே கிடந்தால் மட்டும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

சாப்பாடு. உங்கள் வீட்டில் பத்தியம் என்று ஒரு பட்டியல் நிச்சயம் வரும், உங்களுக்கே தெரியும். பருப்பு போட்டால் சீழ் வைக்கும், கத்திரிக்காய் அரிக்கும், முட்டையும் மீனும் புண்ணை ஆறவிடாது, தண்ணீர் நிறையக் குடித்தால் வயிறு பெருத்துவிடும். அன்போடுதான் சொல்வார்கள், ஆனால் இதில் ஒன்று கூட உண்மை இல்லை. சீழ் வருவது கிருமியால், பருப்பால் இல்லை. புண் ஆற உடம்புக்குப் புரதம் வேண்டும், ஒரு நாளைக்கு 60, 70 கிராமாவது. ரசம் சாதமும் அப்பளமும் மட்டும் கொடுத்து ஒரு மாதம் பத்தியம் காத்தவருக்குத் தையல் பிரிந்து நான் பார்த்திருக்கிறேன். முட்டை, மீன், நாட்டுக்கோழி, பால், தயிர், பாசிப்பயறு கடைசல், நம் பக்கத்துக் கொள்ளுப் பருப்பு எல்லாம் தாராளமாகச் சாப்பிடலாம். முதல் இரண்டு மூன்று நாள் மட்டும் வாயு சேர்க்கும் கடலை, கிழங்கு வகைகளைக் குறைத்துக்கொள்ளுங்கள், தைத்த வயிறு உப்பினால் வேதனை. உப்பையும் குறைத்தால் வீக்கம் கொஞ்சம் அடங்கும். தண்ணீர் இரண்டரை லிட்டர் வரை குடிக்கலாம்.

மலச்சிக்கல் கட்டாயம் வரும். வலி மாத்திரை, படுக்கை, இரும்புச் சத்து மாத்திரை எல்லாம் சேர்ந்து குடலை மெதுவாக்கிவிடும். முக்கினால் தைத்த தசை வலிக்கும். அதனால் முதல் நாளிலிருந்தே பப்பாளி, கொய்யா, கீரை என்று ஆரம்பித்துவிடுங்கள், போதவில்லை என்றால் டாக்டர் எழுதித் தரும் மலமிளக்கியைத் தயங்காமல் சாப்பிடுங்கள். இரண்டு பிரசவம் ஆனவர் என்பதால் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள், குறைவாக இருந்தால் அதை ஏற்றிவிட்டு ஆபரேஷனுக்குப் போவதே சரி. மீன் எண்ணெய், வைட்டமின் ஈ, நாட்டு மருந்துப் பொடி எது சாப்பிட்டாலும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். வீட்டுக்குள் யாராவது சிகரெட் பிடித்தால், ஆபரேஷனுக்கு ஒரு மாதம் முன்னும் பின்னும் உங்கள் பக்கத்தில் வேண்டவே வேண்டாம். நிகோடின் தோலின் சின்ன ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும், இழுத்துத் தைத்த தோலுக்கு ரத்தம் வராவிட்டால் அந்த இடம் கறுத்துச் செத்துப்போகும்.

அப்புறம், மரத்துப்போவது. தொப்புளுக்குக் கீழே தொட்டால் உங்கள் தோல் மாதிரியே இருக்காது, துணி மேல் தொடுவது போல இருக்கும். பிரித்தபோது மெல்லிய நரம்புகள் அறுபடுகின்றன, அவை மறுபடி வளர மாதக்கணக்கில் ஆகும், ஒரு வருடம் கூட ஆகலாம், தழும்புக்கு மேல் கையகலம் சிலருக்கு நிரந்தரமாகவே மரத்திருக்கும். இதில் ஒரு ஆபத்து இருக்கிறது. நம் வீடுகளில் வீக்கம் என்றாலே ஒத்தடம்தான் கைவைத்தியம். என்னிடம் ஆபரேஷன் செய்துகொண்ட ஒரு அம்மாவுக்கு மூன்றாவது வாரம் அவருடைய தாயார் வெந்நீர்ப் பையை வயிற்றில் வைத்து விட்டிருக்கிறார், சூடே தெரியாததால் இவர் அப்படியே தூங்கிவிட்டார், எழுந்து பார்த்தால் உள்ளங்கை அளவுக்குக் கொப்புளம். அந்தத் தீக்காயத் தழும்புதான் இன்றைக்கும் அவர் வயிற்றில் பெரிதாகத் தெரிகிறது. அன்றிலிருந்து டிஸ்சார்ஜ் சீட்டில் முதல் வரியாக இதைத்தான் எழுதுகிறேன். ஒத்தடம் வேண்டாம், ஐஸ் கட்டியை நேராக வைப்பதும் வேண்டாம், அடுப்பின் சூட்டில் வயிறு படும்படி நிற்பதும் வேண்டாம். மஞ்சள், விளக்கெண்ணெய், தேங்காய் எண்ணெய் எதையும் ஆறாத தையலில் தடவாதீர்கள்.

வீக்கம் காலையில் குறைந்து மாலையில் கூடும், நாள் முழுக்க நின்றால் சாயங்காலம் பாவாடை நாடா பதிந்து பள்ளம் விழும். மூன்று மாதத்தில் பெரும்பகுதி வடிந்துவிடும், உண்மையான வடிவம் தெரிய ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம். வயிற்றைச் சுற்றி இறுக்கிப் போடும் பெல்ட் நான்கிலிருந்து ஆறு வாரம், குளிக்கும் நேரம் தவிர முழு நாளும். இரண்டு பெல்ட் வாங்குங்கள், ஒன்று துவைத்துக் காயும்போது மற்றது. டிரெய்ன் எடுத்த பிறகும் சிலருக்கு உள்ளே நீர் கோத்துக்கொள்ளும், வயிற்றைத் தட்டினால் தண்ணீர்ப் பை மாதிரி தளும்பும், டாக்டர் ஊசி வைத்து உறிஞ்சி எடுத்துவிடுவார், மரத்த இடம் என்பதால் வலிக்கக்கூட வலிக்காது. தையலின் நடுவில் ஒரு இடம் லேசாகத் திறந்து ஈரமாக இருப்பதும் நடக்கக்கூடியதுதான், கட்டுப் போட்டே ஆறிவிடும். மாதவிடாய் தேதி ஒருமுறை முன்பின் ஆனாலும் பதற வேண்டாம்.

பதற வேண்டியவை வேறு. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால், திடீரென்று மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால் நேரம் காலம் பார்க்காதீர்கள், 108ஐக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள், கோவை வரை வரலாம் என்று நினைக்காதீர்கள். வயிற்றின் ஒரு பக்கம் மட்டும் சடாரென்று உப்பி இறுகினால், டிரெய்னில் புது ரத்தம் நிறைந்துகொண்டே வந்தால், 101 டிகிரிக்கு மேல் காய்ச்சல் அடித்தால், தையல் ஓரம் சிவந்து பரவினால், நாற்றம் அடிக்கும் சீழ் வந்தால், தோல் கறுத்தால் அதே மணி நேரத்தில் உங்கள் டாக்டருக்குப் போன் போக வேண்டும். இரவு 2 மணிக்கு எந்த எண்ணைக் கூப்பிட வேண்டும், யார் எடுப்பார்கள் என்று ஆபரேஷனுக்கு முன்பே கேட்டு எழுதி வாங்குங்கள். பதில் மழுப்பலாக வந்தால் அந்த இடம் வேண்டாம். டாக்டர் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். அல்லது டி.என்.பி. என்ற மேல்படிப்பு முடித்தவரா என்பதையும் கேளுங்கள், கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

இப்போது மாமியார் விஷயம். யாரிடம் எதைச் சொல்வது என்பது உங்கள் உரிமை, ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டாம், பள்ளியில் "வயிற்றில் ஒரு ஆபரேஷன்" என்றால் போதும். ஆனால் ஒரே வீட்டில் உங்களைப் பார்த்துக்கொள்ளப் போகிறவரிடம் ஹெர்னியா என்று சொல்வது உங்களையேதான் பாதிக்கும். பக்கத்து வீட்டில் யாரோ ஹெர்னியா ஆபரேஷன் செய்து நான்காம் நாள் கடைக்குப் போனதை அவர் பார்த்திருப்பார். இரண்டாவது வாரம் நீங்கள் குனிந்தே நடந்தால், "இதென்ன இவ்வளவு நாள்" என்று ஒரு வார்த்தை வரும், அந்த ஒரு வார்த்தைக்கு நீங்கள் எழுந்து மாவாட்டப் போவீர்கள். ஒரு பெண் இப்படித்தான் பன்னிரண்டாம் நாள் தண்ணீர்க் குடத்தைத் தூக்கி, உள்ளே ரத்தம் கட்டி, மறுபடி ஆபரேஷன் தியேட்டருக்கு வந்தார். வீட்டில் யாருக்கும் உண்மை தெரியாது, அவரால் மறுக்கவும் முடியவில்லை. அதோடு, கணவர் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் உங்களுக்கு மூச்சு வாங்கினால், கூட வருகிறவர் அங்கே இருக்கும் டாக்டரிடம் ஹெர்னியா என்று சொன்னால், அவர்கள் தேட வேண்டிய இடத்தில் தேட நேரமாகும். அத்தையிடம் கணவரை வைத்தே பேசச் சொல்லுங்கள். "இரண்டு பிரசவத்தில் வயிற்றுத் தசை விலகிப்போச்சு, அதைச் சேர்த்துத் தைக்கணும், ஆறு வாரம் பாரம் தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாங்க." இதில் ஒரு பொய்யும் இல்லை. பிள்ளை பெற்ற வயிற்றின் கஷ்டம் அவருக்கும் தெரியும், நீங்கள் நினைப்பதை விட நன்றாகப் புரிந்துகொள்ளக்கூடும்.

தழும்பு போகாது. இதைச் சுற்றி வளைக்க விரும்பவில்லை. இடுப்பிலிருந்து இடுப்பு வரை ஒரு கோடும், தொப்புளைச் சுற்றி ஒரு வளையமும் எப்போதும் இருக்கும். பழைய சிசேரியன் தழும்பு பெரும்பாலும் எடுத்த தோலோடு போய்விடும். இரண்டாவது, மூன்றாவது மாதத்தில் தழும்பு தடித்து நிறம் கறுத்து முன்பை விட மோசமாகத் தெரியும், நம் நிறத்துக்கு அது இன்னும் அடர்த்தியாகவே தெரியும். அப்புறம் மெல்ல மெல்ல மங்கி, ஒன்று ஒன்றரை வருடத்தில் மெல்லிய கோடாக அடங்கும். தையல் முழுக்க மூடிய பிறகு, ஏறக்குறைய மூன்றாவது வாரத்திலிருந்து, சிலிக்கோன் ஜெல் அல்லது ஷீட் மூன்று மாதம் வைத்தால் பலன் இருக்கும். காது குத்திய இடம், சிசேரியன் தழும்பு, அம்மைத் தழும்பு ஏதாவது உங்களுக்குத் தடித்து வளர்ந்திருந்தால் முன்னாடியே சொல்லுங்கள். பாவாடை நாடா அந்தக் கோட்டின் மேலேயே உரசும், மரத்த தோலில் அது புண்ணாக்குவதும் தெரியாது, அதனால் சேலை கட்ட ஆரம்பிக்கும்போது நாடாவுக்குப் பதில் அகலமான எலாஸ்டிக் வைத்த பாவாடை தைத்துக்கொள்ளுங்கள்.

குளியல் டாக்டர் சொல்லும் நாளிலிருந்து, முதலில் மக்கிலிருந்து மெதுவாக ஊற்றி, யாராவது பக்கத்தில் இருக்கும்போது. உட்கார்ந்து செய்யும் வேலைக்கு இரண்டு மூன்று வாரத்தில் திரும்பலாம், ஆனால் உங்களுடையது நின்று கத்தும் வேலை, நான்கு வாரமாவது விடுங்கள். ஸ்கூட்டி நான்கு வாரத்துக்கு அப்புறம், திடீரென்று பிரேக் பிடித்துக் காலை ஊன்றினால் வயிற்றில் இழுக்காது என்று தெரிந்த பிறகு. சமையல் மூன்றாவது வாரத்திலிருந்து சின்னதாக, குக்கரும் கிரைண்டர் கல்லும் தூக்காமல். ஜிம்முக்கு ஆறு வாரம் கழித்து டாக்டரைக் கேட்டு, வயிற்றுப் பயிற்சி அதற்கும் மேல்.

இவ்வளவையும் படித்துவிட்டு உங்கள் காலண்டரை எடுங்கள். தையில் கல்யாணத்தை நிம்மதியாக முடியுங்கள். ஏப்ரல் கடைசியில் பள்ளி மூடியதும் ஆபரேஷன் வைத்தால் ஜூன் திறக்கும்வரை விடுப்பு எழுத வேண்டியதே இல்லை. ஒரே கஷ்டம் வெயில். மே மாதச் சூட்டில் பெல்ட்டுக்குள் வியர்த்து வேர்க்குரு வரும், பெல்ட்டுக்கு அடியில் மெல்லிய பருத்தி பனியன் போட்டு, மத்தியான வெயிலில் காற்றோட்டமான அறையில் இருந்தால் சமாளிக்கலாம். வீட்டில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள உங்கள் அம்மா முதல் மூன்று வாரம் வந்து இருக்க முடியுமா என்று இப்போதே கேட்டு வையுங்கள்.

கடைசியாக, சின்னவன். 3 வயதுப் பையன் 13, 14 கிலோ இருப்பான். ஆறு வாரத்துக்கு நீங்கள் தூக்கக்கூடியது அதிகபட்சம் 4, 5 கிலோ. அவனைத் தூக்கவே கூடாது, ஆனால் அணைக்கக் கூடாது என்று இல்லை. ஆபரேஷனுக்கு இரண்டு வாரம் முன்பிருந்தே "அம்மா வயித்துல உவ்வா, நீயே ஏறி வரணும்" என்று பழக்குங்கள், கட்டில் ஓரத்தில் ஒரு சின்ன ஸ்டூல் போட்டுவிடுங்கள். நீங்கள் சாய்ந்து உட்கார்ந்த பிறகு அவன் ஏறி வரட்டும், வயிற்றின் மேல் ஒரு தலையணை இருக்கட்டும், தூக்கத்தில் அவன் கால் வீசுவான். டியூப் இருக்கும் நாட்களில் அவனோடு ஒரே கட்டிலில் இரவு படுக்காதீர்கள். பகலில் தோள் பக்கம் தலை வைத்துப் படுக்க வைத்துக் கதை சொல்லுங்கள். ஐந்தாறு நாள் அழுவான், அப்புறம் அவனே ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு ஏறி வந்துவிடுவான்.